டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுவது தமிழர் மரபு. ஒரு பொருளை இன்னது என்று வரையறுத்துக் கூறுதற்கு எழுத்து வேண்டும்; அஃது எத்துணை என்று அளந்து கூறுதற்கு எண் வேண்டும். இவ்விரண்டனுள் ஒன்று குறையினும் அறிவு ஒற்றைக் கண்ணுடையதாகிவிடும். வணிகத்திற்கும் வானநூலுக்கும் மட்டுமேயன்றி, உயிர் காக்கும் மருத்துவத்திற்கும் இவ்விரு கண்கள் இன்றியமையாதன. நம் நாட்டு மகப்பேற்று மருத்துவத்திற்கு இவ்விரு கண்களையும் திறந்து வைத்த பெரியோருள் ஒருவர் டாக்டர் ஆர்க்காடு இலட்சுமணசாமி முதலியார் ஆவார்.

சென்னை மாநகரிலிருந்து மேற்கே ஸ்ரீபெரும்புதூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை என்னும் ஊர் உளது. முன்னாளில் ஏரியும் கழனியுமாக இருந்த அப்பகுதி, இந்நாளில் பெருந்தொழிற்சாலைகள் நிறைந்த இடமாய் விளங்குகின்றது. 1998ஆம் ஆண்டு முதல் அங்கே மோட்டார் வண்டிகள் உருவாகி வெளிவருகின்றன. இத்தகைய தொழிற்சாலைகளில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பெயர் உண்டு. ஒவ்வொரு நாளும் செய்யப்பட்டவை எத்துணை, அவற்றுள் பழுதுற்றவை எத்துணை என்பதற்குக் கணக்கு உண்டு. ஓர் ஆணி பழுதுபட்டாலும் அப்பழுது எங்கே நேர்ந்தது, ஏன் நேர்ந்தது என்று ஆராயாமல் விடமாட்டார்கள். இரும்பாலாகிய ஆணிக்கு இத்துணைக் கருத்துக் காட்டும் உலகம், பிள்ளை பெறும்போது உயிர் துறந்த தாய்மாரை நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. அவர்களையும் எண்ணவேண்டும், ஒவ்வொருத்தியும் இறந்த காரணத்தை ஆராயவேண்டும் என்று முற்பட்டவர்களுள் ஒருவர் என்பதே இலட்சுமணசாமி முதலியாருடைய தனிச்சிறப்பு.

இவர் 1887ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாள், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கர்நூலில் பிறந்தார். இவருடன் ஒரே சூலில் தோன்றிய இரட்டையர் ஆர்க்காடு இராமசாமி முதலியார். இருவரும் உருவத்தில் பெரிதும் ஒத்திருந்தனர்; அறிவிலும் ஒருவருக்கொருவர் இளைத்தவரல்லர். இராமசாமி முதலியார் சட்டமும் அரசியலும் பயின்று, பிற்காலத்தில் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமுதாய மன்றத்திற்கு 1946ஆம் ஆண்டில் முதல் தலைவரானார். இலட்சுமணசாமி முதலியாரோ மருத்துவத்தையும் கல்வியையும் தம் துறைகளாகக் கொண்டார். ஒருதாய் வயிற்று இரட்டையர் இருவர் உலக மன்றங்களில் தலைமை தாங்கியது அரியதொரு நிகழ்ச்சியாகும்.

உடன்பிறந்தார் இருவரும் கர்நூலில் தொடக்கக் கல்வி பயின்றபின், 1903ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்தனர். அதன்பின் இலட்சுமணசாமி முதலியார் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் கற்றுப் பட்டம் பெற்றார். 1835ஆம் ஆண்டில் தோன்றிய அக்கல்லூரி பெண்களையும் மாணவராக ஏற்றுக்கொண்ட பழம்பெருமை உடையது. அங்கே பயின்று 1912ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி அம்மையாரும் இவர் காலத்தவரே.

மருத்துவத்தில் பல துறைகள் உள்ளன. அவற்றுள் இலட்சுமணசாமி முதலியார் தேர்ந்துகொண்டது மகப்பேற்று மருத்துவம். ஏனைய மருத்துவர்கள் ஒரு நேரத்தில் ஓர் உயிரைக் காப்பர். மகப்பேற்று மருத்துவர் ஒரே நேரத்தில் தாய், சேய் என்னும் ஈருயிரையும் காத்தல் வேண்டும். ஆடவர் ஒருவர் இத்துறையில் புகுந்து பெண்களின் நம்பிக்கையைப் பெறுதல் அந்நாளில் எளிதன்று. பொறுமையும் பண்பும் கைத்திறனும் ஒருங்கே வாய்த்தோர்க்கே அது கைகூடும்.

அந்நாளில் மகப்பேறு பெரும்பாலும் வீட்டின் ஓர் இருண்ட அறையில் நிகழ்ந்தது. அருகிருந்து உதவியவர் ஊர் மருத்துவச்சி. பட்டறிவு மிக்க மருத்துவச்சியர் எத்துணையோ குழந்தைகளை நலமாக இவ்வுலகிற்குக் கொணர்ந்தனர் என்பது உண்மையே. ஆயினும், கண்ணுக்குப் புலனாகாத நோய்க்கிருமிகளைப் பற்றி அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை. தூய்மை செய்யப்படாத கருவியால் கொப்பூழ்க் கொடியை அறுத்தமையால் குழந்தைகள் இசிவு நோய்க்கு இரையாயின. தாய்மாரைக் கொன்ற நோய்களோ பல. அடக்கவொண்ணாத உதிரப்போக்கு ஒன்று. பிள்ளைப்பேற்றிற்குப் பின் கிருமிகளால் வரும் நச்சுக் காய்ச்சல் ஒன்று. குருதி அழுத்தம் மிகுந்து கருவுற்றவளைத் தாக்கும் வலிப்பு ஒன்று. இடுப்பெலும்பின் வழி குறுகியமையால் குழந்தை வெளிவராது தடைப்படுதல் ஒன்று. இவற்றிற்கெல்லாம் அடிப்படையாய் நின்று உடலின் வலிமையை முன்னரே உறிஞ்சிவிடுவது இரத்தச் சோகை.

இந்நிலையை மாற்றுதற்கு உரிய முயற்சி சென்னையில் முன்னரே தொடங்கியிருந்தது. 1844ஆம் ஆண்டில் மகப்பேற்றிற்கெனத் தனி மருத்துவமனை ஒன்று இங்கே நிறுவப்பெற்றது. 1854ஆம் ஆண்டில் அங்கே மருத்துவச்சியர்க்கு முறையான பயிற்சி அளிக்கப்படலாயிற்று. 1882ஆம் ஆண்டில் அம்மருத்துவமனை எழும்பூரில் இன்றுள்ள இடத்திற்கு மாறியது. இலட்சுமணசாமி முதலியார் தம் வாழ்வின் சிறந்த பகுதியைச் செலவிட்ட இடம் இம்மருத்துவமனையே. நோயாளர்க்கு மருத்துவராகவும், மாணவர்க்கு மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராகவும் அவர் விளங்கினார்.

மகப்பேற்று மருத்துவத்தில் கணக்கு எத்துணை ஆற்றல் உடையது என்பதற்கு ஐரோப்பிய நாட்டு வரலாறு ஒன்று சான்றாகும். ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவில் ஒரு பெரிய மருத்துவமனை இருந்தது. அதன்கண் மகப்பேற்றுப் பகுதிகள் இரண்டு. ஒன்றில் மருத்துவ மாணவர் பயின்றனர்; மற்றொன்றில் மருத்துவச்சியர் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் முதற்பகுதியில் நூற்றுக்குப் பதினொரு தாய்மாருக்கு மேல் இறந்தனர். இரண்டாம் பகுதியில் இறந்தவர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவே. செம்மல்வைஸ் என்னும் இளமருத்துவர் இவ்விரு எண்களையும் ஒப்புநோக்கி உள்ளம் பதைத்தார். ஒரே கூரையின்கீழ் இத்துணை வேறுபாடு தோன்றக் காரணம் யாது என்று ஆராய்ந்தார். பிணங்களை அறுத்துக் கற்கும் மாணவர்கள் அக்கையோடே வந்து தாய்மாரைத் தொடுவதே காரணம் என்று தெளிந்தார். 1847ஆம் ஆண்டில், குளோரின் கலந்த நீரில் அனைவரும் கைகழுவி வருமாறு செய்தார். அடுத்த ஆண்டில் முதற்பகுதியின் இறப்பு நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழே இறங்கியது. புதிய மருந்து ஒன்றும் அங்கே வரவில்லை. எண்ணிப் பார்த்த ஒருவரின் அறிவும் கைகழுவும் நீருமே அத்துணைத் தாய்மாரைக் காத்தன.

எண்ணுதற்கு முன் ஒன்று செய்தல் வேண்டும். எதனை எண்ணுகின்றோம் என்பதை வரையறுத்தல் வேண்டும். ஓர் ஊரார் ஒன்றைப் பிறப்பு என்றும், மற்றோர் ஊரார் அதனையே இறப்பு என்றும் கூறுவராயின் இரண்டு கணக்குகளையும் ஒப்பிடல் இயலாது. ஆதலின், மகப்பேற்று மருத்துவத்தைக் கற்போர் முதற்கண் சில சொற்களின் பொருளை ஐயந்திரிபற உணர்தல் வேண்டும். இலட்சுமணசாமி முதலியார் தம் வாழ்நாளில் கற்பித்த கலையின் அரிச்சுவடி அச்சொற்களே.

முதலாவது, கருக்காலம். கருவுற்ற நாள் இன்னதென்று உறுதியாக அறிதல் அரிது. ஆதலின், கடைசியாகத் தோன்றிய மாதவிலக்கின் முதல் நாளைத் தொடக்கமாகக் கொண்டு எண்ணுவது மருத்துவர் வழக்கு. அந்நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள், கருக்காலத்தின் பொதுவான அளவாகும். அந்நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பேறு எதிர்பார்க்கும் நாள் கிடைக்கும். சனவரித் திங்கள் 10ஆம் நாள் தொடக்கமாயின், அக்டோபர்த் திங்கள் 17ஆம் நாள் பேறு நிகழலாம் என்று குறித்துக்கொள்வர். பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்று நம் நாட்டார் கூறுவர். 28 நாட்கள் கொண்ட மாதமாக எண்ணினால் பத்து மாதமும் 280 நாட்களே ஆதல் காண்க. முன்னோர் வழக்கும் மருத்துவக் கணக்கும் இவ்விடத்தே ஒன்றுபடுகின்றன.

இரண்டாவது, கருவெண்ணும் பேற்றெண்ணும். ஒரு பெண் எத்துணை முறை கருவுற்றாள் என்பது கருவெண். பிள்ளை உயிர்வாழத் தகுந்த வளர்ச்சி பெற்றபின் எத்துணை முறை பேறு கண்டாள் என்பது பேற்றெண். மூன்று முறை கருவுற்று, அவற்றுள் ஒன்று தொடக்கத்திலேயே சிதைந்து, ஏனைய இரண்டும் பேறாக முடிந்தவளுக்குக் கருவெண் 3; பேற்றெண் 2. இரட்டைப் பிள்ளைகள் பிறப்பினும் பேறு ஒன்றாகவே எண்ணப்படும். இலட்சுமணசாமி முதலியாரையும் இராமசாமி முதலியாரையும் ஈன்ற அன்னைக்கு அப்பேறு ஒன்று. பெற்ற பிள்ளைகளோ இருவர். இவ்வெண்கள் வெறும் குறிப்புகள் அல்ல. தலைச்சூல் கொண்டவளுக்கு வரும் இடர் வேறு. பல முறை பெற்றவளுக்கு வரும் இடர் வேறு. இரட்டைச் சூல் கொண்டவளுக்கு வரும் இடர் வேறு. இரண்டு எண்களைக் கண்ட அளவிலேயே, எத்தகைய இடரை எதிர்நோக்கி ஆயத்தமாதல் வேண்டும் என்பதை மருத்துவர் உணர்ந்துகொள்வார்.

மூன்றாவது, பிறப்பின் வகைகள். 37 வாரங்கள் நிறையும் முன்னர்ப் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை எனப்படும். பிறக்கும்போது 2500 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தை எடை குறைந்த குழந்தை எனப்படும். தாயின் உடலினின்று வெளிவந்தபின் மூச்சு விடுதல், இதயம் துடித்தல், கொப்பூழ்க் கொடி துடித்தல், தசைகள் அசைதல் ஆகிய உயிர்க்குறிகளுள் ஒன்றேனும் காணப்படின் அஃது உயிர்ப்பிறப்பு. அக்குழந்தை ஒரு நொடியே வாழ்ந்து மறையினும் அது பிறந்த குழந்தையே. அதன் பிறப்பும் எழுதப்படல் வேண்டும். இறப்பும் எழுதப்படல் வேண்டும். சில நொடிகளே வாழ்ந்த உயிருக்கும் மனித உயிர் என்னும் மதிப்பை அளிப்பது இவ்வரையறை.

நான்காவது, பேறுகால இறப்பு. கருவுற்றிருக்கும் காலத்திலோ, கருக்காலம் முடிவுற்று 42 நாட்களுக்குள்ளோ, அக்கருவோடு தொடர்புடைய காரணத்தால் ஒரு பெண் இறப்பின் அது பேறுகால இறப்பு எனப்படும். கருவுற்றவள் சாலை நேர்ச்சியில் இறந்தால் அஃது இக்கணக்கில் சேராது. ஆனால் கருவுற்றமையால் முன்னிருந்த இதய நோய் முற்றி இறந்தால் அது சேரும். 42 நாட்கள் என்னும் எல்லையை மறத்தல் கூடாது. குழந்தை நலமாகப் பிறந்துவிட்டது என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் நாட்களிலேயே தாய் காய்ச்சலுற்று மாய்வதுண்டு. அவ்விறப்பைக் காய்ச்சல் என்று மட்டும் எழுதிவிட்டால், அவள் பிள்ளை பெற்றதால் இறந்தாள் என்னும் உண்மை ஏட்டில் ஏறாமலே மறைந்துவிடும்.

இவ்வாறு மறைந்த உண்மைகள் பல. மருத்துவமனையில் இறந்தவர் கணக்கு மருத்துவர்க்குத் தெரியும். வீட்டில் இறந்தவர் கணக்கை அறிவார் யார்? சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்தற்கு 1899ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஆயினும் பதிவேட்டின் ஒரு வரி, ஒருத்தி இறந்தாள் என்பதைக் கூறுமேயன்றி, அவ்விறப்பைத் தடுத்திருக்கக் கூடுமா என்பதைக் கூறாது. 1930களின் தொடக்கத்தில் இலட்சுமணசாமி முதலியார் சென்னை மாநகரில் தாய்மார் இறப்பின் காரணங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். இந்திய நாட்டின் பெருநகரங்களில் இத்துறையில் நடைபெற்ற முன்னோடி ஆய்வுகளுள் அதுவும் ஒன்றாகும்.

இத்தகைய ஆய்வு எளியதன்று. இறந்தவளின் வீட்டார் துயரத்தில் ஆழ்ந்திருப்பர். விதி முடிந்தது என்று கூறி வாய் மூடுவர். மருத்துவம் செய்தவரோ தம்மீது பழி வருமோ என்று அஞ்சுவர். இவர்களுக்கிடையே பொறுமையோடு உண்மையை நாடுதல் வேண்டும். அவள் கருக்காலத்தில் எவரிடமேனும் உடலைக் காட்டினாளா? இடரின் அறிகுறி என்று தோன்றிற்று? வீட்டார் அதனை உணர்ந்தனரா? உணர்ந்தபின் மருத்துவமனை சேரும்வரை எத்துணை நேரம் கழிந்தது? சேர்ந்தபின் உரிய மருத்துவம் உடனே கிடைத்ததா? இவ்வினாக்கள் எவரையும் தண்டிப்பதற்கு அல்ல. அடுத்த தாயைக் காப்பதற்கே. ஓர் இறப்பின் காரணம் அறியப்பட்டால் பல இறப்புகளின் வாயில் அடைக்கப்படும்.

இறப்புகளை எண்ணினால் மட்டும் போதுமா? போதாது. அவ்வெண்ணை எதனோடு ஒப்பிடுகின்றோம் என்பதும் தெரிதல் வேண்டும். ஒரு நகரில் ஓராண்டில் 50,000 குழந்தைகள் உயிரோடு பிறந்து, 25 தாய்மார் இறந்தனர் என்று கொள்வோம். மற்றொரு நகரில் 10,000 குழந்தைகள் பிறந்து, 10 தாய்மார் இறந்தனர் என்று கொள்வோம். மேலோடு நோக்கினால் முதல் நகரிலேதான் இடர் மிகுதி என்று தோன்றும். ஆனால் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு என்று கணக்கிட்டால், முதல் நகரின் வீதம் 50; இரண்டாம் நகரின் வீதம் 100. தாய்மார்க்கு இருமடங்கு இடர் உள்ள ஊர் இரண்டாவதே. மருந்தும் மருத்துவரும் முதலில் செல்லவேண்டிய இடத்தைக் காட்டுவது இவ்வீதமே. பேறுகால இறப்பு வீதத்தை இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கும், ஓராண்டு நிறையாத குழந்தைகளின் இறப்பு வீதத்தை ஆயிரம் உயிர்ப்பிறப்புகளுக்கும் கணக்கிடுவது இந்நாளைய முறை.

தாம் கற்றதையும் கண்டதையும் தம்மோடு நிறுத்திக்கொள்ள இலட்சுமணசாமி முதலியார் விரும்பவில்லை. 1938ஆம் ஆண்டில் மகப்பேற்று மருத்துவம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெருநூலை வெளியிட்டார். அந்நாள்வரை நம் மாணவர்கள் பெரும்பாலும் மேனாட்டார் எழுதிய நூல்களையே நம்பியிருந்தனர். குளிர்நாட்டுப் பெண்களைக் கண்டு எழுதிய நூல் நம் நாட்டுப் பெண்களின் இரத்தச் சோகையையும் வறுமையையும் முழுதும் அறிந்திருக்க இயலாது. நம் நாட்டு மருத்துவமனையில் நம் தாய்மாரைக் கண்டு எழுதிய நூல் என்பதே இந்நூலின் சிறப்பு. பின்னர் டாக்டர் கிருஷ்ண மேனன் அவர்களும் இதன் ஆசிரியராய் இணைந்தார். இருவர் பெயராலும் வழங்கும் இந்நூல், புதிய ஆராய்ச்சிகள் சேர்க்கப்பெற்றுப் பல பதிப்புகள் கண்டு, இன்றும் மருத்துவ மாணவர்க்குப் பயன்படுகின்றது.

அடுத்த ஆண்டு, 1939இல், அவர் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வரானார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆங்கிலேயரே அமர்ந்திருந்த அவ்விருக்கையில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1942ஆம் ஆண்டு வரை அப்பொறுப்பினை ஆற்றினார். ஆங்கில அரசு அவருக்குச் சர் என்னும் பட்டம் அளித்துச் சிறப்பித்தது.

இந்திய நாடு முழுவதன் உடல்நல நிலையை ஆராய்தற்கு 1943ஆம் ஆண்டில் சர் ஜோசப் போர் என்பார் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பெற்றது. இலட்சுமணசாமி முதலியாரும் அதன் உறுப்பினர். 1946ஆம் ஆண்டில் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை நாட்டின் நிலையை எண்களால் உணர்த்தியது. 1937ஆம் ஆண்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 162 குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன்னரே மறைந்தன; அஃதாவது ஆறு தொட்டில்களுள் ஒன்று வெறுமையாயிற்று. ஆயிரம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய்மார் இருபதின்மர் இறந்தனர் என்று அக்குழு மதிப்பிட்டது. அஃதாவது ஐம்பது பேறுகளுள் ஒன்று தாயின் உயிரைப் பறித்தது. ஐந்து பிள்ளைகளைப் பெறும் பெண்ணுக்கு, பத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு இறப்பின் அச்சம் இருந்தது என்பது இதனால் விளங்கும். ஆண்டுதோறும் இரண்டு இலட்சம் தாய்மார் இவ்வாறு மாண்டனர். போர்க்களத்தில் இத்துணைப் பேர் மடிந்திருப்பின் வரலாற்று நூல்கள் அதனை விரித்துரைத்திருக்கும். வீட்டின் இருண்ட அறையில் மடிந்தமையால் அவர்களை எண்ணுவாரும் இலராயினர்.

1942ஆம் ஆண்டில் இலட்சுமணசாமி முதலியார் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பொறுப்பேற்றார். 1969ஆம் ஆண்டு வரை, இருபத்தேழு ஆண்டுகள், இடையறாது அப்பதவியில் விளங்கினார். அறிவியல், தொழில்நுட்பம், மருத்துவம் ஆகிய துறைகளில் பல்கலைக்கழகம் விரிவடைந்தது அவர் காலத்திலேயாம். பல்கலைக்கழகம் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தை வெளியிட்டதும் அவர் துணைவேந்தராய் இருந்த காலத்திலேதான். 1952ஆம் ஆண்டில் இந்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவிற்கு அவர் தலைவரானார். மாணவர் அனைவரும் ஒரே வகைப் பாடத்தையே கற்று எழுத்தர் வேலையை நாடும் நிலை மாறவேண்டும் எனவும், தொழிற்கல்விக்கும் பள்ளியில் இடம் வேண்டும் எனவும் அக்குழு 1953ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

உலக நலவாழ்வு நிறுவனம் தோன்றிய நாள்தொட்டு அதன் பணியில் அவர் ஈடுபட்டார். 1949, 1950ஆம் ஆண்டுகளில் அதன் செயற்குழுவிற்குத் தலைவராய் இருந்தார். 1950ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் பேரவை, உயிர்ப்பிறப்பு என்பது யாது என்பதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான வரையறையை ஏற்றுக்கொண்டது. முன்னர்க் கூறிய உயிர்க்குறிகளே அவ்வரையறையில் உள்ளன. அதுமுதல் ஒரு நாட்டின் கணக்கை மற்றொரு நாட்டின் கணக்கோடு ஒப்பிட வழி பிறந்தது. 1954 முதல் 1956 வரை யுனெஸ்கோ நிறுவனத்தின் செயற்குழுவிற்கும் அவர் தலைமை தாங்கினார். 1961ஆம் ஆண்டில் உலக நலவாழ்வுப் பேரவை புது தில்லியில் கூடியபோது, அதன் தலைவராக அவரையே தேர்ந்தெடுத்தனர்.

1959ஆம் ஆண்டில் இந்திய அரசு நாட்டின் மருத்துவ வசதிகளை மீண்டும் ஆராய ஒரு குழுவை அமைத்து, அதன் தலைமையை அவரிடம் ஒப்படைத்தது. முதலியார் குழு என்றே அது வழங்கப்படுகின்றது. புதிய நிலையங்களை மேலும் மேலும் திறப்பதைக் காட்டிலும், இருக்கும் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு ஆளும் கருவியும் மருந்தும் அளித்து வலுப்படுத்துதல் முதற்கடமை என்று அக்குழு கருதியது. ஒரு நிலையம் 40,000 மக்களுக்கு மேற்பட்டோர்க்குப் பொறுப்பேற்றல் ஆகாது எனவும் அது வரையறுத்தது. பெயருக்கு நிலையம் இருந்து உள்ளே மருத்துவர் இல்லையெனின், வந்த தாய்க்கு அதனால் பயன் என்னை?

இந்திய அரசு 1954ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும், 1963ஆம் ஆண்டில் பத்மவிபூஷண் விருதும் வழங்கி அவரைப் போற்றியது. 1974ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 15ஆம் நாள், தம் எண்பத்தாறாம் அகவையில் அவர் இயற்கை எய்தினார். சென்னை தரமணியில் உள்ள பல்கலைக்கழக மருத்துவ ஆராய்ச்சிக் கூடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவரும் அவரைப் போன்ற பலரும் விதைத்த விதை பின்னாளில் பயன் தந்தது. பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்தல் வேண்டும் என்னும் முறை 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடெங்கும் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் 1990களிலிருந்து ஒவ்வொரு தாயின் இறப்பும் தனித்தனியே பதிவு செய்யப்பட்டு, அதன் காரணம் ஆராயப்படுகின்றது. மாவட்ட ஆட்சித் தலைவரும் அவ்வாய்வில் பங்கு கொள்கின்றார். 2019–21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளிலேயே நிகழ்ந்தன. 2018–20ஆம் ஆண்டுகளில் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குப் பேறுகால இறப்பு இந்திய நாட்டில் 97 ஆகவும், தமிழ்நாட்டில் 54 ஆகவும் இருந்தது. போர்க் குழு மதிப்பிட்ட வீதத்தை இதே முறையில் எழுதினால் 2,000 ஆகும். 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஆயிரம் உயிர்ப்பிறப்புகளுக்குக் குழந்தை இறப்பு 13 ஆகக் குறைந்திருந்தது. இம்மாற்றம் ஒருவரால் நிகழ்ந்ததன்று. மருத்துவர், செவிலியர், கிராமச் சுகாதாரப் பணியாளர், கல்வி பெற்ற பெண்கள், புதிய மருந்துகள், நல்ல சாலைகள் ஆகிய அனைத்தும் சேர்ந்து நிகழ்த்தியது இது. ஆயினும் இவர்கள் எல்லோர்க்கும் வழிகாட்டியது எண்ணிப் பார்க்கும் பழக்கமேயாம்.

54 என்னும் எண் சிறிதாயிற்றே என்று அமைதி கொள்ளலாமோ? ஆகாது. அவ்வெண்ணின் ஒவ்வோர் ஒன்றும் ஒரு பெண். ஒரு வீட்டின் விளக்கு. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரையுள்ள தொழிற்சாலைகளில் இன்று இளம்பெண்கள் பலர் வேலை செய்கின்றனர். ஊரையும் உறவினரையும் விட்டு வந்து வாடகை அறைகளில் தங்குவோர் அவர்களுள் பலர். அவர்களுள் ஒருத்தி சூலுற்றால், தாயும் பாட்டியும் அருகிருந்து பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு அவளுக்கு இல்லாமற் போகலாம். அந்நிலையில் அவளுக்குத் துணையாவன இரண்டு. ஒன்று, சட்டம். 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் 2017ஆம் ஆண்டில் திருத்தப்பெற்று, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு அளிக்க வழிசெய்தது. மற்றொன்று, கருவுற்ற தொடக்கத்திலேயே கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதிவு செய்துகொள்ளுதல். அப்பதிவேட்டில் அவளுடைய கருவெண், பேற்றெண், பேறு எதிர்பார்க்கும் நாள், குருதி அழுத்தம், இரத்தத்தின் அளவு ஆகியன எழுதப்படும். அவள் வரவேண்டிய நாளில் வாராதிருப்பின், ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர் இருப்பார். பெயர் எழுதப்படாதவளைத் தேடுவார் இலர்.

இலட்சுமணசாமி முதலியாரின் வாழ்க்கை மாணவர்க்கு உணர்த்தும் உண்மை இதுவே. இரக்கம் என்பது கண்ணீர் விடுதலோடு முடிவதன்று. துயருற்றோரின் துயரை அளந்தறிந்து, காரணத்தைத் தேடி, மீண்டும் அது வாராமல் தடுப்பதே நிறைவான இரக்கம். பள்ளியில் கற்கும் கணக்கு, கடையில் பொருள் வாங்குதற்கு மட்டும் உரியதன்று. உயிர்களைக் காத்தற்கும் உரியது. ஒரு சொல்லின் பொருளைத் திருத்தமாக அறிதலும், ஓர் எண்ணைப் பிழையின்றி எழுதுதலும் சிறு செயல்களாகத் தோன்றலாம். அச்சிறு செயல்களைப் பெருங்கருணையோடு செய்தவர் இலட்சுமணசாமி முதலியார். அவர் காட்டிய வழியில் எண்ணும் எழுத்தும் நன்கு பயின்று, வீட்டிலும் அண்டையிலும் உள்ள தாய்மார்க்கு உற்ற துணையாதல் மாணவர் ஒவ்வொருவர்க்கும் கடனாகும்.